மன்னிப்பியலில் ஒரு அரியர்

ஜன்னல் ஓரம் நீங்களே இருங்க சார். எனக்கு வெளிய பாக்க ஒண்ணும் இல்ல, இந்த ரோட்ட இந்த வாரத்துல மூணாவது தடவையாப் பாக்கேன். பையக் கீழ வைக்கச் சொல்லாதீங்க, உள்ள மார்க் ஷீட் இருக்கு, மடங்கிரக் கூடாது. நீங்க செங்கோட்டை வரைக்குமா? நான் தென்காசியில இறங்கிருவேன். இறங்கணும். கண்டக்டர் எங்கிட்ட எந்த ஊருன்னே கேக்க மாட்டான், பாத்துக்கிடுங்க. தென்காசி டிக்கெட்டக் கிழிச்சுக் குடுத்துட்டு, அண்ணாச்சி இன்னைக்காவது இறங்குவீங்களான்னு கேப்பான். கிண்டல் அவனுக்கு.

எம்பேரு கோமதிநாயகம். சங்கரன்கோவில்தான் ஊரு. பஞ்சாயத்து யூனியன் ஆபீஸ்ல சூப்பிரண்டா இருந்து ரிட்டயர் ஆனேன். இப்ப மாணவன். சிரிக்காதீங்க, அடையாள அட்டை இருக்கு, காட்டுதேன். இந்தா பாருங்க. மன்னிப்பியல், டிப்ளமோ, ஒரு வருஷம். மொத்தம் ஆறு பேப்பர். அஞ்சுல முதல் வகுப்பு, ஒண்ணு அரியர். அந்த ஒண்ணுக்குத்தான் இந்த அலைச்சல்.

மன்னிப்பியல்னா என்னன்னு எல்லாரும் கேக்காங்க. மன்னிப்புக் கேக்கது எப்படின்னு படிக்கது, அவ்வளவுதான். எந்தப் பல்கலைக்கழகம்னு இப்ப கேக்காதீங்க, அரியர் முடியட்டும், அப்புறம் பெருமையாச் சொல்லுதேன். பேப்பர்ல விளம்பரம் வந்தது சார். இந்தக் காலத்துக்குத் தேவையான படிப்புகள், வயசு தடையில்லன்னு. வரிசையில் நிற்றல், ஆறு மாசம். கல்யாணப் பந்தி நிர்வாகம், ஒரு வருஷம். துக்கம் விசாரித்தல், அது முதுநிலை, ரெண்டு வருஷம். அதுக்கு நுழைவுத் தேர்வு வேற. கடைசியில இது இருந்தது. மத்ததுக்கெல்லாம் மாற்றுச் சான்றிதழ் கேட்டிருந்தான், இதுக்கு ரெண்டு போட்டோ போதும்னு போட்டிருந்தான். அதனாலதான் இதுல சேந்தேன். வேற காரணம் கிடையாது. எம்பொண்டாட்டி பகவதி வேற ஒரு காரணம் சொல்லுவா. சொல்லிட்டுப் போறா.

அவதான் முதல்ல கேட்டா, இதப் படிச்சு என்ன பிரயோஜனம்னு. நான் சொன்னேன், நான் பி.எஸ்சி. தாவரவியல் படிச்சேன், முப்பத்தாறு வருஷம் யூனியன் ஆபீஸ்ல தெரு விளக்கு ஃபைலப் பாத்தேன், ஒரு விளக்குலயாவது ஒரு இலை முளைச்சுதான்னு கேட்டேன். படிப்புன்னா பிரயோஜனம் பாக்கக் கூடாது சார். எங்க தம்பி கணக்குப் படிச்சுப் பேங்க் மேனேஜர் ஆனான். ஆயி என்ன? சரி, அவன் கதை இப்ப வேண்டாம்.

வகுப்பு ஞாயித்துக்கிழமை, திருநெல்வேலியில ஒரு பள்ளிக்கூடத்துக் கட்டடத்துல நடக்கும். எங்களுக்கு எட்டாம் வகுப்பு ஆ பிரிவு. பக்கத்து ரூம்ல துக்கம் விசாரித்தல். பன்னெண்டு மணியாச்சுன்னா அங்க செய்முறை ஆரம்பிச்சிரும். இருவது பேரு சேந்து, எப்ப நடந்தது, கடைசியா என்ன சாப்பிட்டாங்கன்னு கேக்க, எங்க வாத்தியார் சொல்லுதது ஒண்ணும் காதுல விழாது. கேண்டீன்ல அத விடக் கூத்து. வரிசை படிக்கவன் பூராவும் நீங்க முன்னால போங்க, நீங்க முன்னால போங்கன்னு ஒதுங்கி ஒதுங்கி, டீ ஆறிப் போயி, கடைசியில ஒருத்தனும் குடிக்காம வகுப்புக்கு வந்துருவான். ஆனா ஒண்ணு சொல்லணும், தள்ளுமுள்ளு கிடையாது.

எங்க துறைத்தலைவர் டாக்டர் சேவியர். நல்ல மனுஷன். அவருக்குக் கீழ வனிதாமணின்னு ஒரு மேடம். ரெண்டு பேரும் சேந்துதான் எங்க பாடப்புத்தகத்த எழுதினாங்க. அட்டையில யாரு பேரு முதல்ல வரணும்னு தகராறு வந்து, ரெண்டு பேரும் பேசி நாலு வருஷம் ஆச்சு. மேடம் ஏதாவது கேக்கணும்னா அட்டெண்டர் கிட்ட சொல்லுவாங்க, அவன் மூணடி தூரத்துல நிக்க சேவியர் கிட்ட வந்து சொல்லுவான். ஒரு நாள் வகுப்புல நான் எந்திரிச்சு, ஐயா, நீங்க ஏன் மேடத்துகிட்ட மன்னிப்புக் கேக்கக் கூடாதுன்னு கேட்டுட்டேன். சாக்பீஸக் கீழ வச்சுட்டு, அது சிலபஸ்ல இல்லன்னுட்டாரு.

பாடம் என்னமோ சின்னப் பாடந்தான். மன்னிப்புக்கு அஞ்சு உறுப்பு. செஞ்சது இன்னதுன்னு வாயால சொல்லணும். காரணம் சொல்லக் கூடாது. வருத்தத்தச் சொல்லணும். பரிகாரம் என்னன்னு கேக்கணும். அப்புறம் வாய மூடிக்கிட்டு நிக்கணும். இதுல ரெண்டாவதுதான் எல்லாருக்கும் இடிக்கும். காரணம் சொன்னா ஒரு காரணத்துக்கு ரெண்டு மார்க் கழிப்பாங்க. எங்கூட படிச்ச ஒரு ரிட்டயர்டு தாசில்தாரு மைனஸ்ல போனாரு.

செய்முறைக்கு அம்பது மன்னிப்பு. ஒவ்வொண்ணுக்கும் ரெக்கார்டு நோட்டுல கையெழுத்து வாங்கணும். நான் தெருவுலருந்தே ஆரம்பிச்சேன். எதிர்வீட்டு மாடசாமி கிட்ட போயி, உங்க தென்ன மட்டை எங்க வீட்டுல விழுந்ததுக்கு அன்னைக்குச் சத்தம் போட்டேன், தப்புதான்னு சொன்னேன். கையெழுத்துப் போட்டுட்டு உள்ள போனவன், நான் எதையோ கெடுத்துட்டேன்னு சந்தேகப்பட்டு மோட்டாரப் போட்டுப் பாத்துருக்கான். ஓடுது. அப்புறம் தேங்காய எண்ணிருக்கான். ஒண்ணு குறையுது. இதுக்குத்தான் முன்கூட்டியே மன்னிப்புக் கேட்டுருக்கான்னு சண்டைக்கு வந்துட்டான். அந்தத் தேங்கா எனக்குத் தெரியவே தெரியாது சார். இருந்தாலும் மன்னிப்புக் கேட்டேன். ரெக்கார்டுல ரெண்டு ஆச்சுலா.

பத்து நாள்ல விஷயம் ஊரு பூரா பரவிட்டு. அம்பதும் முடிஞ்சு நோட்ட மூடினதுக்கு அப்புறமும் ஆளுங்க வாராங்க. அவன் கிட்ட கேட்டிருக்கீங்க, எங்கிட்ட ஏன் கேக்கலன்னு மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டாங்க. ரேஷன் கடைக்காரர் சீனியக் கம்மியாப் போட்டாரு. மன்னிப்புக் கேக்கக் கூட நான் ஆளில்லையான்னு கேட்டாரு. நான் உங்களுக்கு ஒரு தப்பும் பண்ணலியேன்னேன். அதுக்கு மேல கோவம் வந்துட்டு அவருக்கு. அவருகிட்ட, உங்ககிட்ட மன்னிப்புக் கேக்காததுக்கு மன்னிச்சிருங்கன்னு கேட்டு ஒரு வழியா முடிச்சேன். பிரயோஜனம் இல்லன்னு சொல்லுதாங்க, அடுத்த மாசம் சீனி சரியா வந்தது.

இப்ப ஆறாவது பேப்பருக்கு வாரேன். அது எழுத்துப் பரிட்சை இல்ல, புராஜெக்ட். இந்த ஃபாரந்தான், பாருங்க. உண்மையான மன்னிப்பு ஒன்று. கீழ, தவறிழைக்கப்பட்டவரின் கையெழுத்து. வர திங்கக்கிழமை கடைசி நாள். நான் மொதல்ல பகவதி கிட்டயே கொடுத்தேன். அவ கண்ணாடியப் போட்டுக்கிட்டு முழுசாப் படிச்சா. எந்தத் தப்புக்குன்னு கேட்டா. ஏதாவது ஒண்ண எழுதிக்கோன்னேன். இதுல ஒரு வரிதான் இடம் விட்டிருக்கான், தனித் தாள் இணைக்கலாமான்னு கேட்டா. இணைச்சா சார், நாலு தாள். கொண்டு போயி கொடுத்தா சேவியர் திருப்பிட்டாரு. வீட்டுக்குள்ள இருக்கவங்க செல்லாது, குறைஞ்சது ஒரு வருஷம் பேச்சுவார்த்தை இல்லாத ஆளா இருக்கணும்னு விதி இருக்காம். அப்படி எனக்கு யாரும் இல்லய்யான்னேன். அவர் எம்மூஞ்சியவே பாத்துக்கிட்டு இருந்தாரு.

ஒருத்தன் இருக்கான். எந்தம்பி சங்கரநாராயணன். தென்காசியில இருக்கான். ஆறு வருஷம் ஆச்சு பேசி. ஆனா அது எந்தப்பு இல்ல, அச்சகத்துக்காரன் தப்பு. கேளுங்க, நீங்களே தீர்ப்புச் சொல்லுங்க.

எம்மக சுபத்ராவுக்குக் கல்யாணம். பத்திரிகை அடிக்கோம். கீழ தங்கள் நல்வரவை விரும்பும்னு போட்டு, சித்தப்பா, மாமா, அத்தான்னு வரிசையாப் பேரு வரும்லா. அதுல முதல் பேரா எந்தம்பி பேரு வரணும். சித்தப்பன்லா. அடிச்சு வந்தத பாத்தா பகவதியோட அண்ணன் பேரு இருக்கு, அக்கா மாப்பிள்ளை பேரு இருக்கு, எதிர்வீட்டு மாடசாமி பேரு கூட இருக்கு. அதுக்குக் கீழ மற்றும் சுற்றமும் நட்பும். எந்தம்பி பேரு இல்ல. அச்சகத்துல விட்டுட்டான். ஐந்நூறு அடிச்சாச்சு, நாள் இல்ல. என்ன செய்ய முடியும்?

தாம்பாளத்துல வெத்தல பாக்கு பழம் வச்சு, நானும் பகவதியும் முறையா தென்காசிக்குப் போயி பத்திரிகை வச்சோம். அவன் நின்னுக்கிட்டே வாசிச்சான். மேலருந்து கீழ, திரும்ப மேலருந்து கீழ. அப்புறம் அட்டையத் திருப்பிப் பின்பக்கமும் பாத்தான். பின்னால அச்சகத்து விலாசந்தான் இருக்கு. மெதுவாத்தான் கேட்டான், அதட்டல.

"அண்ணே, இதுல நான் எங்க இருக்கேன்?"

நான் சொன்னேன், "சுற்றமும் நட்பும்னு இருக்குல்லா, அதுல இருக்க."

அவன் கல்யாணத்துக்கு வந்தான். கடைசி வரிசையில உக்காந்தான், பந்தியில சாப்பிட்டான், சுபத்ரா தலையில கைய வச்சு ஆசீர்வாதம் பண்ணினான், போயிட்டான். அதுக்கப்புறம் அவன் போன் பண்ணல, நானும் பண்ணல. பெரியவன் நான்லா, நான் எப்படி முதல்ல பண்ண? ஆறு தீபாவளி போயிட்டு.

இப்ப அவன் மக ஹரிணிக்கு வர புதன்கிழமை கல்யாணம். ரெண்டு வாரத்துக்கு முன்னால பத்திரிகை வைக்க அவனே நேர்ல வந்துட்டான், பொண்டாட்டியோட, தாம்பாளத்தோட. வாசல்ல அவன் குரலக் கேட்டதும் நான் குளிக்கப் போயிட்டேன். ஏற்கனவே குளிச்சிருந்தேன், அது வேற விஷயம். பகவதி, அவுக குளிச்சுக்கிட்டு இருக்காவன்னு சொல்லிருக்கா. அண்ணன் மெதுவா வரட்டும் மதினி, நான் இருக்கேன்னு உக்காந்துட்டான். குழாயத் தொறந்து விட்டுக்கிட்டு நாப்பது நிமிஷம் பாத்ரூம்ல நின்னேன். மேல டேங்க்ல தண்ணி தீந்து போச்சு. தண்ணிச் சத்தமும் நின்னு போச்சு. நான் உள்ள நிக்கேன், அவன் வெளிய இருக்கான், நடுவுல ஒரு பிளாஸ்டிக் கதவு. அவன் இருமுதது கேக்கு. எங்கப்பா இருமல் அப்படியே.

போறப்ப கதவுப் பக்கம் வந்து சொன்னான், எனக்குக் கேக்கணும்னே சொன்னான். "மதினி, அண்ணன் கிட்ட சொல்லுங்க, சாமிக்கு வச்சுட்டு அடுத்ததா இங்கதான் வாரேன்."

அவன் போன பெறகு பத்திரிகையப் பாத்தேன். தங்கள் நல்வரவை விரும்பும், அதுக்குக் கீழ முதல் பேரு, பெரியப்பா கோமதிநாயகம், பி.எஸ்சி. அந்த பி.எஸ்சி.ய யாருமே போட மாட்டாங்க சார், ரேஷன் கார்டுல கூட கிடையாது. மூணு நாள் பூதக்கண்ணாடிய வச்சுக்கிட்டுத் தேடினேன், ஏதாவது குறை இருக்கான்னு. எழுத்து சின்னதா இருக்கா, இனிஷியல் மாறியிருக்கா. ஒண்ணும் இல்ல. எனக்கு அழுகையா வந்தது. பகவதி பாத்தா, கண்ணுல தூசின்னேன்.

அதான் கிளம்பினேன். கையெழுத்துக்குத்தான். திங்கக்கிழமை போனா ஒரு வருஷம் காத்திருக்கணும்லா. முதல் நாள் அவன் தெரு முனை வரைக்கும் போயிட்டேன். பந்தல்காரன் கிட்ட நின்னு ஏதோ சொல்லிக்கிட்டு இருந்தான். நரைச்சுப் போயிட்டான் சார். வேலையா இருக்கான், தொந்தரவு பண்ணக் கூடாதுன்னு திரும்பிட்டேன். முந்தாநேத்து தென்காசி ஸ்டாண்டுல இறங்கினேன். வெயில் பாருங்க. இதே பஸ்ஸு கிளம்புச்சு, என்ன நினைச்சேனோ, ஓடி வந்து திரும்ப ஏறிட்டேன். செங்கோட்டைக்குப் போயி ஒரு டீ குடிச்சிட்டு ஊருக்கு வந்தேன். அதத்தான் இந்தக் கண்டக்டர் ஊரெல்லாம் சொல்லிக்கிட்டு இருக்கான்.

சார், உங்களுக்கு அம்பத்தஞ்சு வயசு இருக்குமா? அவனுக்கும் அதேதான். நெத்தி கூட அப்படித்தான். ஒண்ணு கேக்கேன், தப்பா நினைக்காதீங்க. இந்த ஃபாரத்துல சங்கரநாராயணன்னு நீங்க ஒரு கையெழுத்துப் போட்டிருங்களேன். சேவியர் என்ன கண்டாரா? எனக்கும் இறங்குத வேலை மிச்சம். இல்ல இல்ல, சும்மா போட வேண்டாம், அது பொய்க் கையெழுத்து. நான் உங்ககிட்ட முறையா மன்னிப்புக் கேட்டுருதேன், அதுக்கப்புறம் போட்டீங்கன்னா பாதி உண்மை ஆயிரும்லா. அஞ்சு நிமிஷம் எந்தம்பியா இருங்க. நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம். மூஞ்சிய ஜன்னல் பக்கம் திருப்பிக்கிடுங்க, அவனும் கோவம்னா அப்படித்தான் இருப்பான்.

சரி. ஏ சங்கரா. சுபத்ரா கல்யாணப் பத்திரிகையில உம்பேரு விட்டுப் போனதுக்கு, அச்சகத்துல. இல்ல, இது காரணம். ரெண்டு மார்க் போச்சு. முதல்லருந்து சொல்லுதேன்.

ஏ சங்கரா. பத்திரிகையில உம்பேரு இல்ல. அச்சகத்துக்காரர் விடல. புரூஃப் வந்தப்ப முதல் பேரா உம்பேருதான் இருந்தது. நாந்தான் அடிச்சேன். சிவப்பு மையில, ஸ்கேல வச்சு, நேரா ஒரு கோடு. அவர் கூட கேட்டாரு, அண்ணாச்சி, இது உங்க தம்பிலான்னு. அப்படியே அடிய்யான்னேன். ஊரு கேட்டா உங்க தப்புன்னு சொல்லுங்கன்னு சொன்னேன். அந்த மனுஷன் ஆறு வருஷமாச் சொல்லிக்கிட்டு இருக்காரு.

ஏன்னா நிச்சயத்தன்னைக்கு மாப்பிள்ளையோட அப்பா தாம்பூலத் தட்ட உங்கையில கொடுத்துட்டாரு. நீ வெள்ளை வேட்டியில, பேங்க் மேனேஜர் தோரணையில, சபையில நடுவுல இருந்த. உன்னப் பொண்ணோட அப்பான்னு நினைச்சுட்டாரு. நீ அடுத்த நொடி தட்ட எங்கையில கொடுத்து, இவுகதான் எங்க அண்ணன், பொண்ணோட அப்பான்னு சொன்ன. நீ ஒரு தப்பும் பண்ணல. அவ்வளவு பேருக்கு முன்னால நீ கொடுத்து நான் வாங்க வேண்டியதாப் போச்சேன்னு எனக்குப் பத்திக்கிட்டு வந்தது. காரணம் சொல்லிட்டேன். எத்தனை மார்க் வேணும்னாலும் போகட்டும். பொறாமை சங்கரா. வேற ஒண்ணும் இல்ல. நீ வந்தப்ப நான் குளிக்கல. ஒளிஞ்சிக்கிட்டு நின்னேன். உன்னப் பாக்கணும்போல இருக்கு.

பேனாவ மூடுங்க சார். வேண்டாம், போடாதீங்க. நீங்க போட்டா தேர்ச்சி ஆயிருவேன், அப்புறம் தென்காசிக்கு வரதுக்கு எனக்கு என்ன சாக்கு இருக்கு? துண்டு இருந்தா கொடுங்க, ஒரு நிமிஷம். தூசி. இந்த ஜன்னலச் சாத்திருக்கலாம்.

தென்காசி வந்துட்டு. இறங்குதேன். கண்டக்டர் சிரிக்கான் பாருங்க, சிரிக்கட்டும்.

சார், இங்க, ஜன்னல்ல பாருங்க. அந்த ஃபாரம் உங்ககிட்டயே இருக்கட்டும். அது எங்கையில இருந்தா மார்க்குக்கு வந்திருக்கான்னு நினைப்பான். மார்க் ஷீட்ட மட்டும் கொண்டு போறேன், அஞ்சு பேப்பர்ல முதல் வகுப்பு, அவன் பாத்தா சந்தோஷப்படுவான். பரிகாரத்துக்கு என்ன செய்யன்னு அவனையே கேட்டுக்கிடுதேன். பஸ்ஸு இங்க பத்து நிமிஷம் நிக்கும். எனக்கு ஒரே ஒரு உதவி பண்ணுங்க. நான் இருந்த சீட்டுல உங்க துண்டப் போட்டு வைங்க. நான் ஓடி வந்து ஏறினேன்னா, எங்கிட்டயே ஆள் வருதுன்னு சொல்லிருங்க.